பலாலியிலிருந்து புறப்பட்ட விமானம்

2014 ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு விடியற்காலை, பக்கத்து வளவு மாமி வந்து எங்கள் படலையைத் தட்டினார். “பிள்ளை, யாழ்ப்பாணத்துக்கு ஒருக்கால் என்னோட வாறியே? உடுப்புகள் வந்து பாக்கட்டாம்” என்றார். எந்த உடுப்பு என்று நான் கேட்கவில்லை. பதினைந்து வருடங்களாக அவர் காத்திருந்த செய்தி அது.

இளைய வாசகிகளுக்காக அந்தக் காலத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். 1998 இல் குடாநாட்டையும் வெளியுலகையும் இணைக்கும் ஏ-9 பாதை மூடிக் கிடந்தது. கொழும்புக்குப் போவதென்றால் கப்பல், இல்லையேல் பலாலியிலிருந்து விமானம். மாமியின் கணவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஓய்வூதிய அலுவலாகக் கொழும்புக்குப் புறப்பட்டார். நவராத்திரி நாட்கள் அவை; வீட்டில் கும்பம் வைத்திருந்தது.

செப்ரெம்பர் 29, பிற்பகல் 1.40 அளவில் லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ்-24 ரக விமானம் 48 பயணிகளுடனும் 7 பணியாளருடனும் இரத்மலானை நோக்கிப் பறந்தது. பத்து நிமிடமளவில், விமானத்தினுள் காற்றழுத்தம் குறைகிறது என்று விமானி அறிவித்தார். அதன் பின் ராடரில் விமானம் இல்லை. விடுதலைப் புலிகளே ஏவுகணையால் வீழ்த்தினர் என்ற பேச்சு அன்றே எழுந்தது. ஆனால் உடைந்த பாகங்கள் எங்கே கிடக்கின்றன என்பது ஆண்டுக்கணக்காகத் தெரியவில்லை.

கடலில் விழும் விமானத்தை ஆராய முதலில் வேண்டியது உடைவுகள். உலோகம் உள்ளிருந்து வெளியே வளைந்ததா, வெளியிலிருந்து உள்ளே குத்தியதா என்பதே வெடிப்பின் கதையைச் சொல்லிவிடும். ‘கறுப்புப் பெட்டி’ என்கிறோமே, உண்மையில் செம்மஞ்சள் நிறமான அந்தப் பெட்டி, விமானத்தின் வேகத்தையும் உயரத்தையும் விமானிகளின் பேச்சையும் பதிந்து வைக்கும். அதனோடு பொருத்தப்படும் ஒலிக்கருவி நீரினுள் ஏறத்தாழ முப்பது நாட்களுக்கு ஓசை எழுப்பும்படி அந்நாளில் அமைக்கப்பட்டிருந்தது. 2009 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தில் விழுந்த எயார் பிரான்ஸ் விமானத்தின் பெட்டிகளை, ஓசை அடங்கி வெகுகாலத்தின் பின், 2011 இல் ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் ஆழத்திலிருந்து எடுத்தனர். எங்கள் கடலோ ஆழம் குறைந்தது. அப்படியிருந்தும் பதினான்கு ஆண்டு சென்றது. ஆழமல்ல, யுத்தமே தடையாக நின்றது.

2012 ஒக்ரோபரில், கைதான முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் விசாரணையில் கூறிய தகவலைக் கொண்டு, கடற்படைச் சுழியோடிகள் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் உடைவுகளைக் கண்டனர். அந்தத் தீவிலிருந்தே ஏவுகணை ஏவப்பட்டதாகப் பொலிஸார் தெரிவித்தனர். இரணைதீவு மக்கள் 1992 இலேயே இடம்பெயர்ந்து விட்டவர்கள். பெண்கள் முன்னின்று போராடி 2018 இல்தான் அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

2013 இல் மனித எச்சங்களும் மீட்கப்பட்டன. கூடவே கிடைத்த உடுப்புகளையே உறவினர் அடையாளம் காண யாழ்ப்பாணத்தில் வைத்திருந்தார்கள்.

மாமி இத்தனை வருடமும் பொட்டை அழிக்கவில்லை. உடல் காணாமல், கிரியை செய்யாமல் எப்படி அழிப்பது? கோயிலில் சிலர் அதை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பொட்டு வைப்பதும் விடுவதும் ஊராரின் அலுவலா?

அவர் தேடியது ஒரு சேட்டை. வெள்ளைப் பருத்தித் துணியில் தானே தைத்தது. மேலிருந்து மூன்றாவது பொத்தான் கழன்றபோது கையில் அகப்பட்ட நீல நூலால் கட்டியிருந்தாராம். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஒரு சிறுபிள்ளையின் சட்டை அருகே வெகுநேரம் நின்றார். பக்கத்தில் ஒரு பெண் சேலையொன்றைக் கண்டு குழறத் தொடங்கியதும் மாமி போய் அவரைப் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாதவர்.

நீல நூல் கிடைக்கவில்லை.

திரும்பும்போது குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்தோம். அங்கே கண்ட உடுப்புகளில் பெரும்பாலானவை நைலோன், பொலியெஸ்ரர் போலவே என் கண்ணுக்குப் பட்டன. சொல்வதா விடுவதா என்று தயங்கினேன். அவரே கேட்டார்.

“பருத்தியெண்டால் உப்புத் தண்ணியில உக்கிப் போயிருக்கும், என்ன பிள்ளை?”

“ஓம் மாமி. அவ்வளவு காலத்துக்கு நிக்காது.”

“அப்ப அவற்றை உடுப்பு இல்லையெண்டதுக்காக அவர் அந்தப் பிளேனில இல்லையெண்டு ஆகாது.”

படகு நகர்ந்ததும் இடப்பக்கக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த கிழமை ஐயரிடம் போய், 1998 செப்ரெம்பர் 29 க்கு என்ன திதி என்று பழைய பஞ்சாங்கத்தில் பார்த்துத் தரும்படி கேட்டார். அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போன வானில் நானும் இருந்தேன். அன்றும் அவர் நெற்றியில் பொட்டு இருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.