தனிக் குளமும் பொது நீரும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே, சிலாபம் களப்பையும் முந்தல் களப்பையும் அடுத்து இறால் பண்ணைகள் பல உள்ளன. குளங்கள் தனியார் உடைமை; அவற்றுக்கு வரும் நீரோ பொது நீர். களப்பிலிருந்தும் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் நீரை எடுத்து, கழிவுநீரை மீண்டும் அங்கேயே விடுவது வழக்கம். 1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் பரவியபோது, அந்நீரே நோயைக் குளத்துக்குக் குளம் சுமந்து சென்றது. தம் குளத்தைச் செவ்வனே பேணியவரும் அயலாரின் அசட்டையால் நட்டமடைந்தனர். பின்னர், எப்பகுதியில் எக்காலத்தில் குஞ்சு விடலாம் என்று வரையறுக்கும் அட்டவணை நடைமுறைக்கு வந்தது.

இணையமும் இத்தகைய பொது நீரேயாகும். ஒரு வீட்டுக் கணினியில் நச்சு நிரல் புகுந்துவிட்டால், உரியவர் அறியாமலே அக்கணினி பிறரது ஏவலுக்கு அடிமையாகி, மோசடி மடல்களை ஆயிரக்கணக்கில் அனுப்பும். அவ்வாறாயின், பாதுகாப்பை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாமா?

2010 ஜூன் மாதத்தில் ஆஸ்திரேலியப் பிரதிநிதிகள் சபைக் குழுவொன்று இக்கேள்விக்கு விடை கூற முற்பட்டது. இணைப்பு வழங்குமுன் சந்தாதாரர் தம் கணினியில் நச்சு நிரல் தடுப்பை நிறுவியிருத்தல் வேண்டும் என்பது அதன் யோசனைகளுள் ஒன்று. ஆயினும் அது சட்டமாகவில்லை. சேவை நிறுவனங்கள் தாமாக ஏற்கும் நடத்தைக் கோவையே அவ்வாண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இலங்கையின் 2007ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் குற்றம் புரிவோரைத் தண்டிப்பது. 2019இல் வெளியான இணையவெளிப் பாதுகாப்புச் சட்ட வரைவோ, நாட்டுக்கு இன்றியமையாத கணினி அமைப்புகளை நடத்துவோர்மீதே முதன்மையாகக் கடமை சுமத்தியது. அதற்குத் தக்க காரணம் உண்டு. 2023இல் அரசாங்க மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் அழிந்தன. பழைய மென்பொருளைப் புதுப்பியாதிருந்தமை அங்கே ஒரு குறையாயிற்று. குடிமக்களுக்கு விதி வகுப்போர் தம் வேலியை முதலில் அடைத்தல் வேண்டுமன்றோ?

மற்றொன்றும் எண்ணத்தக்கது. உடப்பிலோ கற்பிட்டியிலோ கடற்றொழில் செய்பவர் பழைய கைத்தொலைபேசியிலே காற்றெச்சரிக்கையைப் பார்க்கக்கூடும். அக்கருவி புதிய பாதுகாப்பு மென்பொருளை ஏற்காது என்பதற்காக இணைப்பைத் துண்டித்தால், நோயைத் தடுக்கும் விதியே உயிருக்கு ஆபத்தாக முடியும்.

இறால் அட்டவணை, பண்ணையாளர் சங்கங்களின் ஒத்துழைப்போடு நடைபெறுவது. கணினிப் பாதுகாப்புக்கும் கட்டளை மட்டும் போதாது. அறிவுரையும் உதவியும் உடன்வரல் வேண்டும். மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தல், கடவுச்சொல்லைப் பிறர்க்கு உரையாதிருத்தல், அறியாதவர் அனுப்பும் இணைப்புகளைத் திறவாதிருத்தல் ஆகிய மூன்றும் சட்டம் வரும்வரை காத்திராமல் எவரும் இன்றே கைக்கொள்ளக்கூடியவை.