மீனின் வட்ட ஜன்னல்

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகளில் ஏப்ரல் கடைசியிலும் பல மரங்கள் மொட்டையாகத்தான் நிற்கும். பீவர்கில் ஆற்றில் இறங்கினால் குளிரில் கால் மரத்துப்போகும். ஆனாலும் அங்குள்ள தூண்டில்காரர்கள் ஆவலோடு காத்திருப்பது இந்த நாட்களுக்குத்தான். நீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்ததும், பிற்பகலில் ஆற்றின்மேல் சாம்பல் நிறச் சிறகுகள் எழும்பத் தொடங்கும்.

இவை மேஃபிளை பூச்சிகள். 'எஃபெமெரெல்லா சப்வேரியா' என்ற இந்த இனம் ஏறக்குறைய ஓராண்டு ஆற்றடிக் கற்களுக்கிடையே இளம்பூச்சியாக வாழ்கிறது. பிறகு மேலே வந்து தோலுரித்துச் சிறகு பெறுகிறது. சிறகு வந்த பிறகும் இன்னொரு முறை தோலுரிப்பது பூச்சி உலகில் மேஃபிளை வரிசை மட்டும்தான். முழுப்பூச்சி எதையும் உண்பதில்லை; வாய் அதற்கு உதவாது. இணைசேர்ந்து, முட்டையிட்டு, ஓரிரு நாளில் மடிந்துவிடுகிறது.

இதே ஆற்றில் வாழும் ட்ரவுட் மீனின் உடல் நீரின் வெப்பத்துக்கேற்ப இயங்குவது. குளிர்காலத்தில் மந்தமாகக் கிடந்த மீனுக்கு, பூச்சியைக் கிளப்பிய அதே வெப்பம் பசியையும் கிளப்பிவிடுகிறது. வசந்தத் தொடக்கத்தின் குளிர்காற்றில் பூச்சி உடனே பறந்துவிட முடியாது. சிறிது தூரம் மிதந்தே வரும். மீனுக்கு அதுவே விருந்து.

இந்த வேளையில் தூண்டில்காரர்கள் வீசுவதுதான் 'ட்ரை ஃபிளை', அதாவது மூழ்காமல் மிதக்கும் பொய்ப்பூச்சி. இங்கிலாந்துத் தூண்டில்காரர் ஹால்ஃபோர்டு 1890-இல் தன் பொய்ப்பூச்சி மாதிரிகளை கேட்ஸ்கில் பகுதியின் தியோடர் கார்டனுக்கு அனுப்பினார். அமைதியான ஆங்கில ஓடைகளுக்குக் கட்டியவற்றை கார்டன் வேகமான மலையாற்றுக்கு ஏற்ப மாற்றினார். அவரிடம் தொழில் கற்ற ராய் ஸ்டீன்ராட் 1916-இல் சப்வேரியாவுக்கென்றே ஒன்றைக் கட்டி, நண்பர் ஹென்ட்ரிக்சனின் பெயரை வைத்தார். நரி ரோமத்தில் உடல், வாத்திறகில் சிறகு, சேவலின் கழுத்திறகில் கால்கள்.

ரோமமும் இறகும் சேர்ந்த இந்தப் பொம்மையை மீன் எப்படி நம்புகிறது?

நீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒளிவிலகலால் 180 டிகிரி வானம் சுமார் 97 டிகிரிக்குள் சுருங்குகிறது. இதற்கு ஸ்நெல் ஜன்னல் என்று பெயர். மீன் அரை மீட்டர் ஆழத்தில் இருந்தால் ஜன்னலின் விட்டம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். மேலே வர வர அது குறுகும். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு முழு அக எதிரொளிப்பால் கண்ணாடியாகி, ஆற்றடியையே காட்டுகிறது.

மிதந்து வரும் பூச்சி முதலில் இந்தக் கண்ணாடிப் பகுதியில்தான் இருக்கும். அதன் உடல் மீனுக்குத் தெரியாது. காலடிகள் மட்டுமே தெரியும். பரப்பு இழுவிசையால் விறைத்த நீர்ப்பரப்பில் கால்கள் சிறு குழிகளை அழுத்துகின்றன. குழிகளின் சரிவு வழியே வெளிச்சம் உள்ளே நுழைய, இருண்ட கண்ணாடியில் ஒளிப்பொட்டுகள் மின்னுகின்றன. அடுத்து, ஜன்னல் விளிம்பில் சிறகின் நுனி தனியாகத் தலைகாட்டுகிறது. இன்னும் நெருங்கிய பிறகே சிறகும் உடலும் ஒன்றுசேர்கின்றன. சேவலிறகின் விறைத்த இழைகளும் நீரில் அதே குழிகளை இடுகின்றன. பூச்சியை முழுதாகக் காணுமுன்பே மீன் மேலெழத் தொடங்கிவிடலாம்.

இத்தனையையும் கெடுக்கத் தூண்டில் நூல் ஒன்று போதும். ஓட்டத்தின் வேகம் இடத்துக்கு இடம் மாறும். நூல் இழுபட்டால் பொய்ப்பூச்சி நீரைக் கிழித்துக்கொண்டு நகரும், ஒளிப்பொட்டுகள் கோடாகிவிடும், மீன் திரும்பிவிடும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் நூலைத் தளர்வாக வீசி, சில விநாடிகளாவது பூச்சியை ஓட்டத்தின் போக்கில் விடுகிறார்கள்.

மீன் காணும் அந்தக் கண்ணாடிப் பரப்பை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி, சிறு கோழியிறகொன்றை மேலே மிதக்கவிடுங்கள். தம்ளரைக் கண்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, பக்கவாட்டிலிருந்து அண்ணாந்து பாருங்கள். நீர்ப்பரப்பு வெள்ளித்தகடாகத் தெரியும். இறகு தொடும் இடங்களில் மட்டும் அந்தத் தகடு உடைந்திருக்கும். பூச்சி கட்டுகிறவர் செய்து காட்ட வேண்டியது அந்த உடைசல்களைத்தான்.