சமூக ஊடகப் பரிந்துரை விளம்பரங்களும் தனியுரிமையும்: இரு இந்தியச் சட்டங்களில் மொழியின் இடம்

தொலைக்காட்சி விளம்பரம் தன்னை விளம்பரம் என்று அறிவித்துக்கொண்டே வருகிறது. சமூக ஊடகத்தில் ஒருவர் தம் சமையலறையில் நின்று ஓர் எண்ணெயைப் புகழும்போது அது அனுபவமா விற்பனையா என்பது பார்வையாளருக்குத் தெரிவதில்லை. இந்த மயக்கத்தை நீக்குவதே பரிந்துரை விளம்பர நெறிமுறைகளின் முதன்மை நோக்கம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தவறான விளம்பரம் செய்யும் நிறுவனத்தோடு அதனைப் பரிந்துரைப்பவரையும் பொறுப்பாக்குகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் தவறிழைத்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். பரிந்துரைப்பவரை ஓராண்டு வரையும், பின்னர் மூன்றாண்டு வரையும் பரிந்துரை செய்யாதவாறு தடுக்கலாம். கூற்றின் உண்மையை உரிய கவனத்துடன் சரிபார்த்தவருக்குத் தண்டம் இல்லை.

2022 ஜூனில் வெளிவந்த நெறிமுறைகளும் 2023 ஜனவரியில் வெளிவந்த வழிகாட்டுக் குறிப்பும் ‘பொருண்மைத் தொடர்பு’ என்னும் கருத்தை மையமாகக் கொண்டவை. பணம் மட்டுமன்று; இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், விடுதித் தங்கல், குடும்ப உறவு, பணி உறவு ஆகியனவும் இத்தொடர்பில் அடங்கும். வெளிப்படுத்தலைக் குறிச்சொற்களின் கூட்டத்தில் மறைத்தல் கூடாது. காணொளியில் விவரணப் பகுதியில் மட்டும் எழுதுதல் போதாது. ஒலி, காட்சி இரண்டிலும் அது இடம்பெற வேண்டும். நேரலையில் தொடர்ந்து தெரிய வேண்டும்.

2022 நெறிமுறைகளில் அதிகம் பேசப்படாத விதி ஒன்று உண்டு. விளம்பரத்தின் பொறுப்புத்துறப்பு வாசகம், கூற்று எம்மொழியில் உள்ளதோ அம்மொழியிலேயே அமைய வேண்டும் என்பது அது. முழுதும் தமிழில் பேசும் காணொளியின் மூலையில் ‘ஸ்பான்சர்டு’ என்னும் ஆங்கிலச் சொல் சிறிய எழுத்தில் நிற்பதை இவ்விதியின் உணர்வோடு பொருத்திக் காண வேண்டும். கூற்று தமிழிலும் எச்சரிக்கை வேற்று மொழியிலும் இருப்பின், கண்ணுக்குத் தெரிந்தும் அது பலருக்கு வெளிப்படுத்தலாகாது. ‘கொலாப்’ போன்ற சுருக்கங்கள் இதனினும் மோசமானவை; பணம் பெற்றதை அவை நட்பாகக் காட்டுகின்றன. ‘விளம்பரம்’ என்னும் ஒரு சொல்லே போதுமானதாக இருக்க, அது ஏன் தவிர்க்கப்படுகிறது என்பது ஊகிக்கக் கூடியதே.

விளம்பரம் என்று அறிந்தபின்னும் மற்றொரு வினா எஞ்சுகிறது: அது ஏன் குறிப்பிட்ட இந்தப் பார்வையாளர் முன் வந்தது? இதற்கான விடை அவருடைய தேடல், இருப்பிடம், பார்த்த நேரம் ஆகிய தரவுகளில் உள்ளது. தனியுரிமையை அடிப்படை உரிமையாக உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உறுதிசெய்தது. அதன் பின்னணியில் எழுந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, இத்தகைய தரவுப் பயன்பாட்டைப் பெரும்பாலும் இசைவின்மேல் நிறுத்துகிறது. 18 வயது நிரம்பாதோரின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் இச்சட்டம் தடுக்கிறது. சிறார் தொடர்பான கடமைகளை மீறினால் தண்டம் 200 கோடி ரூபாய் வரை செல்லும்.

இங்கும் மொழி நுழைகிறது, ஆனால் வேறு திசையில். இசைவு கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் தெரிவு பயனருக்குத் தரப்பட வேண்டும். முந்தைய விதி விளம்பரத்தின் மொழியைப் பின்பற்றுகிறது; இச்சட்டம் படிப்பவரின் விருப்பத்தைப் பின்பற்றுகிறது. பின்னதே வலிமையான உரிமை. ஆங்கில விளம்பரத்தைக் காணும் தமிழருக்கு முன்னது எதனையும் தருவதில்லை.

எனினும் தமிழ் அறிவிப்பு இருப்பதாலேயே இசைவு அறிந்து தரப்பட்டதாகிவிடாது. இசைவு, ஒப்புதல், சம்மதம் ஆகிய மூன்றும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நிகராகப் புழங்குகின்றன. இவற்றுள் ‘ஒப்புதல்’ மேலதிகாரி அளிக்கும் அனுமதியையும், குற்றத்தை ஏற்றுக்கொள்வதையும் குறிக்கும். ஒரு செயலியில் ஒரு சொல்லும் மற்றொன்றில் வேறு சொல்லும் வருமாயின், இசைவைத் திரும்பப் பெறும் உரிமையைத் தேடிச் செல்பவர் தாம் எதனைத் தந்தார் என்பதிலேயே தடுமாறுவார். இச்சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு, இசைவு பற்றிய கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே முழுமையாக நடைமுறைக்கு வருகின்றன. நிறுவனங்கள் தம் தமிழ் வாசகங்களை எழுதும் காலம் இந்த இடைவெளியே.