உங்களுக்குத் தெரியுமா? பனிக்கட்டிக்குள் குளிர்காலம் கழிக்கும் ஊனுண்ணிச் செடி

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடார் மாகாணத்தின் மலர், பூச்சி தின்னும் குடுவைச் செடி ஒன்றின் பூ! 1954-இல் இந்தத் தகுதியைப் பெற்ற அச்செடியின் பெயர் சர்ரசீனியா பர்ப்யூரியா.

குடுவைச் செடி என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் நெப்பந்தஸ் வெப்பமண்டலத்தது, உறைபனியைத் தாங்காது. சர்ரசீனியாவோ குளிர் இல்லாவிட்டால்தான் நலிகிறது. ஆண்டுதோறும் மூன்று நான்கு மாதக் குளிருறக்கம் அதற்குக் கட்டாயம். பாசி நிறைந்த சதுப்பில், பனிப்போர்வைக்கு அடியில், குடுவை நீர் கட்டியாக உறைந்து கிடக்கும். அந்தப் பனிக்கட்டிக்குள்ளேயே வையோமியா ஸ்மித்தி என்ற கொசுவின் புழுக்கள் உயிரோடு குளிர்காலத்தைக் கடத்திவிடுகின்றன. வடபகுதியில் இந்தக் கொசு யாரையும் கடிப்பதும் இல்லை. நம் வீட்டுக் கொசுக்களுக்கு யாராவது சொன்னால் நல்லது!

மகரந்தம் சுமந்து வரும் வண்டுத்தேனீயைச் செடியே விழுங்கிவிட்டால்? அந்தச் சிக்கலும் பெரிதாக இல்லை. பூ நீண்ட காம்பில் உயரத்தில் தலைகவிழ்ந்து நிற்கிறது. குடுவைகள் தரையோடு படிந்திருக்கின்றன. பூவுக்குள் கவிழ்த்த குடை போன்ற ஓர் உறுப்பு உண்டு. உதிரும் மகரந்தம் அதில் சேரும். சூலகமுடிகள் குடையின் ஐந்து முனைகளில் இருப்பதால், நுழையும் தேனீ அவற்றை உரசியே உள்ளே போகிறது.

செடியை வளர்ப்பவர்கள் இந்த மகரந்தச் சேர்க்கையைத் தூரிகையால் செய்கிறார்கள். விளையும் விதையைச் சில வாரங்கள் ஈரக்குளிரில் வைத்தால்தான் நன்றாக முளைக்கும்.