டச்சு நெடுங்கூட்டுச் சொற்களில் அசைப்பிரிப்பும் ஒலிப்பும்

டச்சு மொழி பல சொற்களை இடைவெளியின்றி இணைத்து ஒரே சொல்லாக எழுதும் இயல்புடையது. இத்தகைய கூட்டுச்சொல்லை ஒலிப்போரும் பிறமொழி எழுத்தில் பெயர்ப்போரும் முதலில் அறிய வேண்டுவது அசையின் எல்லையன்று. உறுப்புச் சொற்களின் எல்லையே.

இரு உயிர்களுக்கிடையே வரும் மெய்களுள், சொல்லின் முதலில் நிற்கத்தக்கவை பின்னுள்ள உயிரோடு சேர்வது டச்சில் பொதுவிதி. 'கைகள்' எனப் பொருள்படும் சொல் ஹன்-டன் எனப் பிரியும். இங்கு டகரம் ஒலிப்புடையது. 'உடலுழைப்பு' எனப் பொருள்படும் கூட்டுச்சொல்லோ ஹன்ட்-ஆர்-பைட் எனப் பிரியும். அடுத்து உயிர் வந்த போதிலும், அம்மெய் சொல்லிறுதி மெய்யாகவே நின்று ஒலிப்பை இழக்கிறது.

எல்லை மாறின் பொருளும் மாறும். 'குவர்ட்ஸ்லாகன்' என்பதைக் குவர்ட்-ஸ்லா-கன் எனப் பிரித்தால் 'கால் சுற்றுகள்' என்றும், குவர்ட்ஸ்-லா-கன் எனப் பிரித்தால் 'குவார்ட்ஸ் கனிம அடுக்குகள்' என்றும் பொருள்படும். ஒரே எழுத்துக்கோவை, 'திரள் வழிபாடு' எனும் பொருளில் மஸா-கெபெட் எனவும், 'உடற்பிடிப்புப் படுக்கை' எனும் பொருளில் மஸாஷெ-பெட் எனவும் ஒலிக்கும். முன்னதில் முதலசை அழுத்தம் பெறும். பின்னதில் இரண்டாம் அசை பெறும். தமிழில் 'தாமரை' மலரையும், தா+மரை எனப் பிரிந்து தாவும் மானையும் குறிப்பதனை நன்னூல் பொதுமொழி என்னும். டச்சுச் சொற்களின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

உறுப்புகளுக்கிடையே வரும் ஸகரம் தமிழ்ச் சாரியையை ஒத்தது. அது முன்னுள்ள சொல்லையே சார்ந்து நிற்கும். 'பணிசெய்ய இயலாமைக் காப்பீடு' எனும் சொல், ஆர்-பைட்ஸ்-ஒன்-கெ-ஸ்கிக்ட்-ஹைட்ஸ்-ஃபெர்-ஸே-கெ-ரிங் எனப் 10 அசைகளாகப் பிரியும். இதில் சாரியை இருமுறை வந்துள்ளது. முதற் சாரியையைப் பின்வரும் உயிரோடு கூட்டி 'ஸொன்' எனப் படித்தல் பிழையாகும்.

கூட்டுப்பெயர்களில் முதன்மை அழுத்தம் பெரும்பாலும் முதலுறுப்பின்மேல் அமையும். எனினும் இது விலக்கற்ற விதியன்று. 'நகர மன்றம்' எனப் பொருள்படும் ஸ்டட்-ஹெய்ஸ் எனும் சொல்லில் அழுத்தம் இரண்டாம் உறுப்பின்மேல் விழும்.

டச்சுக் கூட்டுப்பெயரில் தலைமைச் சொல் இறுதியில் நிற்பதால், இறுதி உறுப்பை முதலில் இனங்கண்டு, முன்னோக்கிச் சென்று, சாரியைகளைக் குறித்துக்கொள்வது மொழிபெயர்ப்பாளர்க்கு ஏற்ற நெறியாகும். அசைப்பிரிப்பும் எழுத்துப்பெயர்ப்பும் அதன் பின்னரே செய்யத்தக்கவை.