கூரையில்லாக் காரின் வலிமை

கூரையை நீக்கிவிட்டால் வண்டியின் எடை குறையும், வேலை எளிதாகும், விலையும் தாழும் என்றே எவரும் முதலில் எண்ணுவர். மோட்டார் கார் உலகில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. கூரையைத் திறந்து மூடும் கார், அதே இனத்தைச் சேர்ந்த மூடிய காரினும் பெரும்பாலும் எடை மிகுந்தது, விலையும் கூடியது. இல்லாத ஒன்றுக்கு இத்துணை விலை ஏன்? இவ்வினாவுக்கு விடை காண, ஜெர்மனியின் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தார் செய்துவரும் எஸ்.எல். என்னும் ஸ்போர்ட்ஸ் கார் வரிசையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் நம் நாட்டு வில்வண்டியை நினைவுகூர்வோம். அதன் கூண்டைக் கழற்றி வைத்தாலும் வண்டி ஓடும். பாரத்தைத் தாங்குவன சட்டமும் அச்சுமே. கூண்டு வெயிலையும் மழையையும் தடுப்பதோடு சரி. தொடக்க கால மோட்டார் கார்களும் இவ்வாறே அமைந்திருந்தன. கீழே கனத்த இரும்புச் சட்டம். அதன்மேல் தனியாகப் பொருத்திய உடற்பகுதி. லாரிகள் இன்றும் பெரும்பாலும் இம்முறையிலேயே செய்யப்படுகின்றன. 1954-ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனத்தார் இதே ஜெர்மன் நிறுவனத்தாரின் கூட்டுறவோடு செய்யத் தொடங்கிய லாரிகளும் இவ்வகையினவே.

கார்களிலோ பின்னர் ஒரு பெருமாறுதல் நேர்ந்தது. சட்டத்தையும் உடலையும் பிரிக்காமல், எஃகுத் தகடுகளை வளைத்துப் பற்றவைத்து ஒரே கூடாக அமைக்கலாயினர். அதனால் எடை குறைந்தது. ஆனால் அன்றுமுதல் கூரை வெறும் நிழல் தருவதாக இல்லாமல், பாரம் தாங்கும் உறுப்பாகிவிட்டது.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூடி ஒட்டப்பட்ட ஓர் அட்டைப் பெட்டியை இரு கைகளாலும் பிடித்து முறுக்குங்கள். அது எளிதில் இணங்காது. மூடியை அறுத்துவிட்டு மீண்டும் முறுக்குங்கள், உடனே கோணிக்கொள்ளும். காரும் அத்தகையதே. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது உடல் முழுவதும் முறுக்குண்கிறது. கூரையில்லாவிடில் முன்கண்ணாடி நடுங்கும், கதவுகள் பொருந்தா, திருப்பும் வழியில் வண்டி துல்லியமாகச் செல்லாது. ஆகவே தரைத்தகடு, கதவுக்கடியில் ஓடும் படிச்சட்டம், முன்கண்ணாடியின் இரு தூண்கள் ஆகிய எல்லாவற்றையும் வலுப்படுத்த வேண்டியுள்ளது. மேலே குறைந்த எடை கீழே வட்டியோடு வந்து சேருகிறது.

1954-இல் வெளிவந்த 300 எஸ்.எல். கார் மெல்லிய எஃகுக் குழாய்களைக் கூண்டுபோல் பின்னி அமைத்த சட்டத்தின்மேல் நின்றது. பந்தயக் காரிலிருந்து பிறந்த அமைப்பு அது. வலிமைக்காகச் சட்டத்தின் பக்கங்கள் உயர்ந்திருந்தமையால் வழக்கமான கதவுகளுக்கு இடமில்லை. பறவை சிறகை விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளை அமைத்தனர். அக்கதவுகள் தொங்குவதற்குக் கூரை வேண்டும். 1957-இல் திறந்த காராக அதனை மாற்ற முனைந்தபோது, கூரையும் போயிற்று. கதவுகள் தொங்க இடமும் போயிற்று. பக்கச் சட்டங்களைத் தாழ்த்தி, இழந்த வலிமையை வேறு குழாய்களால் ஈடுசெய்தனர். திறந்த கார் மூடிய காரைவிடக் கனத்தது. எனினும் மூடிய கார்கள் 1,400 செய்யப்பட, 1963 வரை செய்யப்பட்ட திறந்த கார்கள் 1,858 ஆயின.

வலிமையினும் பெரிது உயிர்க் காவல். கார் கவிழ்ந்தால் உள்ளிருப்போர் தலைக்குமேல் என்ன இருக்கிறது? அமெரிக்காவில் இவ்வினா வலுப்பெற்று, கவிழும் கார்களைப் பற்றிய கடுமையான விதிகள் வரக்கூடும் என்ற அச்சத்தால் திறந்த கார்கள் மறைந்தே போகும் நிலை 1970-களில் தோன்றிற்று. 1971-இல் வந்த எஸ்.எல். காரில் முன்கண்ணாடித் தூண்களை மிகவும் உறுதியாக அமைத்தனர். 1989-இல் வந்த காரில் மேலும் ஓர் ஏற்பாடு கண்டனர். இருக்கைகளுக்குப் பின்னே மடங்கிக் கிடக்கும் எஃகு வளைவு, வண்டி கவிழப்போவதை உணர்கருவிகள் அறிந்தவுடன், 0.3 விநாடியில் தானே எழுந்து நிற்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் தோன்றும் கூரை எனலாம்.

2001-இல் மடங்கும் உலோகக் கூரை வந்தது. மூடினால் அடைத்த காரின் அமைதி கிட்டியது. ஆனால் எடை கூடிற்று. எனவே 2021-இல் வெளியான புதிய எஸ்.எல். மீண்டும் துணிக்கூரைக்கே திரும்பியது. மூன்று அடுக்குள்ள இக்கூரை உலோகக் கூரையைவிட 21 கிலோ குறைவு. மணிக்கு 60 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஏறத்தாழ 15 விநாடியில் திறக்கவோ மூடவோ இயலும். மேலிருந்து எடை குறைந்தால் வண்டியின் எடைமையம் தாழ்கிறது. திருப்பங்களில் நிலைபேறு மிகுகிறது. உடற்கூடு அலுமினியம், மக்னீசியம், எஃகு, இழைக்கலவைப் பொருள் ஆகியவற்றால் ஆனது. இக்காரின் எஸ்.எல். 55 என்னும் வகை 2023-இல் இந்தியாவில் 2 கோடியே 35 லட்சம் ரூபாய் விலையில் விற்பனைக்கு வந்தது.

மும்பை, டில்லி போன்ற பெருநகர்ச் சாலைகளில் நேயர்கள் இத்தகைய கார்களைக் காணலாம். அவ்வமயம் பளபளக்கும் வண்ணத்தை மட்டும் நோக்காது, மெலிந்து தோன்றும் அம்முன்கண்ணாடித் தூண்களையும் நோக்குவீர்களாக. விலையின் ஒரு பகுதி அங்கே மறைந்திருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் இக்காரை வாங்கப்போவதில்லை. ஆயினும் இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. பழைய மூடிய காரின் கூரையைப் பட்டறையில் அறுத்துத் திறந்த காராக்கிக் கொள்ள இளைஞர் சிலர் விழைவதுண்டு. பொறியாளர்கள் பல ஆண்டுகள் முயன்று ஈடுசெய்த வலிமையை, அறுக்கும் கருவி சில நிமிடங்களில் போக்கிவிடும். உற்பத்தியாளர் அமைத்தவாறன்றி வண்டியை இவ்வாறு மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் தடுக்கிறது. அத்தடை வெறும் சம்பிரதாயமன்று. தலைக்குமேல் உள்ள தகடு மழைக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று என்பதை அறிந்தோர் அதன்மீது கத்தி வைக்கத் துணியார்.