புழுவுக்குள்ளே ஒரு போர்க்களம்



நமக்குக் காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஆடு மாட்டுக்கு நோய் வந்தா கால்நடை மருந்தகம் இருக்கு. புழு பூச்சிக்கு நோய் வந்தா யாரு ஊசி போடுவா? இந்தத் தடவை அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். "புழுவைப் பத்தி நமக்கு என்ன?" என்று நகர்ந்து விடாதீர்கள். இந்தக் கதை நம்ம ஊர் மல்பெரித் தோட்டத்தில் இருந்து டெல்லி ஆஸ்பத்திரி வரைக்கும் போகிறது.

ஈஸ்ட் என்றால் என்ன?

ஈஸ்ட் என்பது ஒரே ஒரு செல்லால் ஆன பூஞ்சை. ரொட்டி மாவு உப்புவது இதனால்தான். இட்லி மாவு பொங்குவதிலும் பாக்டீரியாவோடு சேர்ந்து ஈஸ்டுக்கும் பங்கு உண்டு. நம்ம பக்கம் பனையேறுகிற தாத்தாமார் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவித்தான் பதநீர் இறக்குவார்கள். தடவாமல் விட்டால் ஈஸ்ட் அந்த இனிப்பைத் தின்று, பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு இருக்கிற இடத்தில் ஈஸ்டால் பெருக முடியாது.

எல்லா ஈஸ்டும் நல்லது இல்லை. கைக்குழந்தையின் நாக்கில் தயிர் ஒட்டினது போல வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பால் என்று நினைத்துத் துடைத்தாலும் லேசில் போகாது. அது கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்கிற ஈஸ்ட் செய்கிற வேலை. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இதே ஈஸ்ட் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

குளத்துத் தண்ணீரில் கிடைத்த பாடம்

ரஷ்ய விஞ்ஞானி மெக்னிகாஃப் 1884-ம் ஆண்டு ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். குளத்துத் தண்ணீரில் மிகச் சின்னதாக 'தண்ணீர்ப் பூச்சி' என்ற உயிர் துள்ளித் துள்ளி நீந்தும். (அது நிஜப் பூச்சி இல்லை, இறாலுக்குச் சொந்தம்.) அதன் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே நடப்பது எல்லாம் தெரியும்.

அது விழுங்கிய ஒரு ஈஸ்டின் வித்துகள் ஊசி போலக் கூராக இருந்தன. அவை குடலைக் குத்திக்கொண்டு உடம்புக்குள் நுழைந்தன. உடனே அதன் ரத்த அணுக்கள் ஓடி வந்து, ஊசியைச் சூழ்ந்து, தின்று கரைத்தன. அணுக்கள் முந்திக்கொண்டால் பூச்சி பிழைத்தது. ஈஸ்ட் முந்திப் பெருகிவிட்டால் பூச்சி செத்தது. ரத்த அணுக்கள் கிருமியைத் தின்னும் என்பதற்கு இது பெரிய சான்றாக அமைந்தது. 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வகை ஈஸ்டுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

புழுவின் நான்கு காவல்கள்

இப்போது பட்டுப்புழுவுக்கு வருவோம். நம்ம தென்காசி மாவட்டத்திலும் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புழுவின் ரத்தம் சிவப்பு இல்லை. நமக்கு இருக்கிற மாதிரி ரத்தக் குழாய்களும் கிடையாது. உடம்பு முழுக்க ரத்தம் தளும்பிக்கொண்டு இருக்கும். ஆனால் காவலுக்குக் குறைவில்லை.

1. தோல்: இதுதான் கோட்டைச் சுவர். வெளியே இருந்து வருகிற கிருமிகளை இது தடுக்கும்.

2. ரத்த அணுக்கள்: கிருமி சின்னதாக இருந்தால் விழுங்கும். பெரிதாக இருந்தால் பல அணுக்கள் ஒன்று சேர்ந்து சுற்றி மூடிவிடும்.

3. கறுப்பு: கத்திரிக்காயை வெட்டி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுக்கும்ல? அதே வகை வேதிவினை புழுவின் ரத்தத்திலும் நடக்கிறது. ஈஸ்டின் மேலே கறுப்பு மெலனின் படிந்து அதை அடைத்துவிடும். அப்போது உண்டாகிற நச்சுப் பொருட்களும் கிருமியைக் கொல்லும்.

4. மருந்து: நமக்குக் கல்லீரல் போல புழுவுக்குக் கொழுப்புத் திசு உண்டு. அது கிருமியைக் கொல்லும் சின்னச் சின்னப் புரதங்களைச் செய்து ரத்தத்தில் விடும். புழுவுக்கு ஊசி போட ஆள் இல்லை என்றேனே, அது தானே போட்டுக்கொள்கிறது!

சரி, வந்திருப்பது ஈஸ்ட் என்று புழுவுக்கு எப்படித் தெரியும்? ஈஸ்டின் சுவரில் பீட்டா குளூக்கன் என்ற ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. பூச்சியின் உடம்பில் அது கிடையாது. அதனால் அந்தச் சர்க்கரை தட்டுப்பட்டாலே 'அந்நியன் வந்துட்டான்' என்று அர்த்தம். அதைப் பிடிப்பதற்கென்றே ரத்தத்தில் சில புரதங்கள் சுற்றிக்கொண்டு இருக்கின்றன.

ஈஸ்டின் தந்திரம்

ஈஸ்ட் சும்மா இருக்குமா? முதல் தந்திரம், சட்டை போட்டுக்கொள்வது. பீட்டா குளூக்கன் வெளியே தெரியாதபடி மேலே மன்னான் என்ற வேறு சர்க்கரையைப் போர்த்திக்கொள்ளும். இரண்டாவது தந்திரம், உருவம் மாறுவது. உருண்டையாக இருக்கிற கேண்டிடா ஆல்பிகன்ஸை ஒரு அணு விழுங்கிவிட்டது என்று வையுங்கள். அது உள்ளே போய் நூலாக நீண்டு, அணுவையே கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பட்டு வளர்ப்பவர்கள் பயப்படுகிற சுண்ணாம்புக்கட்டி நோய் இதற்கு நேர் எதிர் வழியில் வருகிறது. பிவேரியா பேசியானா என்ற நூல் பூஞ்சை தோலைத் துளைத்து நுழைகிறது. ரத்தத்துக்குள் போனதும் ஈஸ்ட் மாதிரி குட்டை குட்டைச் செல்லாக மாறி, காவல் கண்ணில் படாமல் பெருகுகிறது. சில நாளில் புழு செத்து விறைத்து, வெள்ளைச் சுண்ணாம்புக்கட்டி போல ஆகிவிடும். இத்தாலியில் அகஸ்தினோ பாசி என்பவர் 1835-லேயே இந்த நோய்க்கு ஒரு நுண்ணுயிர்தான் காரணம் என்று காட்டினார். ஈரமும் குளிரும் இதற்குக் கொண்டாட்டம். அதனால் சாரல் காலத்தில் புழு வளர்ப்பு மனையில் ஈரம் சேரவிடக் கூடாது. பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கொண்டு மனையைச் சுத்தம் செய்யச் சொல்வது இதற்காகத்தான். பதநீர்க் கலயத்துச் சுண்ணாம்பு இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்!

ஒரு முக்கியமான சேதி. இதே பிவேரியா, காய்கறிப் பூச்சிகளைக் கொல்ல இயற்கை மருந்தாகக் கடைகளில் கிடைக்கிறது. கத்திரிக்கும் வெண்டைக்கும் நல்லதுதான். ஆனால் மல்பெரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் தெளித்தால் பக்கத்து வீட்டுக்காரர் பட்டுப்புழுவும் சேர்ந்து செத்துப்போகும். வீட்டில் பெரியவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஈ சொன்ன ரகசியம்

1996-ல் பிரான்சில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் பழ ஈக்களில் 'டோல்' என்ற மரபணு கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். அந்த ஈக்கள் பூஞ்சைக்கு எதிராக மருந்துப் புரதம் செய்ய முடியாமல், பூஞ்சை பிடித்துச் செத்தன. பிறகு பார்த்தால் அதைப் போன்ற மரபணுக்கள் மனிதனிடமும் இருக்கின்றன! 2011-ல் ஹாஃப்மனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வாழைப்பழத்தை மொய்க்கிற ஈயும் நாமும் ஒரே வகைக் காவல் மணியை வைத்திருக்கிறோம் என்பது ஆச்சரியம்தானே?

ஆஸ்பத்திரியில் புதிய எதிரி

2009-ல் ஜப்பானில் ஒருவருடைய காதில் இருந்து புது ஈஸ்ட் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கேண்டிடா ஆரிஸ் என்று பெயர். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. 2013-ல் டெல்லி ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் இது இருப்பது வெளியானது. பல மருந்துகளுக்கு இது அடங்குவதில்லை. 2021-ல் டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி அவர்களும் குழுவினரும் அந்தமான் கடற்கரையிலும் உப்புச் சதுப்பு நிலத்திலும் இதைக் கண்டுபிடித்தார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் மிகவும் ஆபத்தான பூஞ்சைகளின் வரிசையில் இதைச் சேர்த்தது. குழந்தை நாக்கில் வருகிற ஆல்பிகன்ஸும் அதே வரிசையில் இருக்கிறது.

இதை ஆராய மனிதனுக்குக் கிருமியை ஏற்றிப் பார்க்க முடியுமா? முடியாது. அதனால் தேன்கூட்டைத் தின்கிற மெழுகு அந்துப்பூச்சியின் புழுவைப் பயன்படுத்துகிறார்கள். நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் அது உயிர் வாழும். நோய் முற்றினால் கறுத்துவிடும், பார்த்தாலே தெரியும். 2016-ல் பிரிட்டன் விஞ்ஞானிகள் இப்படிச் சோதித்ததில், கொத்தாக ஒட்டிக்கொள்கிற ஆரிஸை விடத் தனித்தனியாகப் பிரிந்து திரிகிற ஆரிஸ் அதிகப் புழுக்களைக் கொன்றது தெரிந்தது. ஜப்பானில் பட்டுப்புழுவை வைத்தும் ஈஸ்ட் மருந்துகளைச் சோதிக்கிறார்கள்.

ஆனால் புழு மனிதன் ஆகிவிடாது. நம் உடம்பு ஒவ்வொரு கிருமிக்கும் தனி எதிர்ப்பொருள் செய்யும். புழுவுக்கு அது கிடையாது. அதனால் புழுவைக் காப்பாற்றிய மருந்தை அப்படியே நமக்குக் கொடுக்க முடியாது. இன்னும் பல சோதனைகள் செய்துதான் கொடுப்பார்கள்.

நாம் செய்ய வேண்டியது

* ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால், போகும்போதும் வரும்போதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆரிஸ் தோலிலும் கட்டிலிலும் ஒட்டிக்கொண்டு பரவும்.
* படர்தாமரைக்கும் வாய்ப்புண்ணுக்கும் கடையில் தானாகப் பூஞ்சை மருந்து வாங்காதீர்கள். அரைகுறையாகப் போட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போட வேண்டும்.
* குழந்தையின் நாக்கில் வெள்ளை படிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

ஒரு புழுவைக் காலால் மிதிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசியுங்கள். அதுக்குள்ளேயும் ஒரு படை ராத்திரி பகலாக் காவல் நிற்கிறது. அந்தப் படையைப் பார்த்துத்தான் நம்மைக் காப்பாற்றும் வழியை விஞ்ஞானிகள் படிக்கிறார்கள்.

சிந்திக்க ஒரு கேள்வி: எதிரியை அதன் சுவரில் இருக்கிற சர்க்கரையை வைத்து அடையாளம் காண்கிற புழுவை ஏமாற்ற, ஈஸ்ட் செய்கிற இரண்டு தந்திரங்கள் என்ன? விடையைத் தாளில் எழுதி அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
பாவூர்சத்திரம்.